ரேடியோவில் யாரோ தட்டுகிறார்கள்

ஜூலை 3

தம்பிக்கு,

உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்திருக்கும். கோபத்தில் பிரிக்காமல் மூலையில் போட்டுவிடாதே. விட்ட சண்டையைத் தொடர இதை எழுதவில்லை. நீ வேலை பார்க்கும் ரேடியோ நிலையத்தின் மேல் எனக்கு ஒரு புகார் இருக்கிறது. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

கண் போன பிறகு உன் அத்தானுக்கு ரேடியோதான் உலகம். லாரி ஓட்டிய காலத்தில் ஓரிடத்தில் உட்காராத மனிதர், இப்போது காலைச் செய்தி தொடங்கி நிலையத்தை மூடும்வரை அதன் பக்கத்திலேயே இருக்கிறார். சும்மா இருப்பதில்லை. நான் ஹோட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகளை வாங்கி வந்து துவைக்கிறேன். காய்ந்ததை அவர் மடித்து அடுக்குகிறார். கண் இருக்கும் எனக்கு அவ்வளவு நேராக மடிக்க வராது.

போன மாதக் கடைசியிலிருந்து சாயங்காலமானால் அந்த ரேடியோவில் ஒரு சத்தம். பாட்டுக்கு அடியில், செய்திக்கு அடியில் டக், டக், டக் என்று ஒரே சீராக வருகிறது. நடுநடுவே எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஓர் இரைச்சல். பகலில் ஒன்றும் இல்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தொடங்குகிறது.

முதலில் கேட்டவர் அவர்தான். "யாரோ தட்டுறாங்க, போய்ப் பாரு" என்றார். கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. "வாசல்ல இல்லை. உள்ளே தட்டுறாங்க" என்று ரேடியோமேல் கை வைத்தார். கண்ணோடு புத்தியும் போகிறதோ என்று நினைத்தேன். பிறகு நானே காதை வைத்துக் கேட்டேன். தம்பி, உண்மையாகவே யாரோ தட்டுவதுபோலத்தான் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டு வெளியே விடச் சொல்லித் தட்டுவதுபோல.

எங்கள் தெருவில் இப்போது எல்லாருக்குமே பயம். வீடு புகுந்து திருடுகிறார்கள். பக்கத்து வீட்டு வெல்டிங்காரர் பட்டறையில் இருந்தபோது உள்ளே நுழைந்து, அவருடைய வயசான அம்மாவை ஓர் அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வீட்டையே துடைத்துக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் இன்றும் பொழுது சாய்ந்தால் அலறுகிறார். இந்தப் பக்கம் அலறல், அந்தப் பக்கம் ரேடியோவில் தட்டல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். என் காதுக்கு இப்போது எல்லாமே திருடன்.

உங்கள் ஆட்களிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல். உன் மருமகள் வாலு, நீ வைத்த பட்டப்பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நன்றாக இருக்கிறாள்.

அக்கா

ஜூலை 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்தேன். எங்கள் ஒலிபரப்பில் எந்தக் கோளாறும் இல்லை. கோபுரத்தையும் கருவிகளையும் நானே பார்த்துவிட்டேன். எங்கள் தவறாக இருந்தால் ரேடியோ வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் கேட்டிருக்கும். உன் வீட்டுக்கு மட்டும் தனியாக நாங்கள் எதையும் அனுப்புவதில்லை.

சண்டையைத் தொடரவில்லை என்று எழுதியிருக்கிறாய். சண்டை போட்டது யார்? அத்தானுக்கு ஆபரேஷன் தோற்றுப்போனது என்று கேள்விப்பட்டு, இந்த மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி ரயில் மாறி ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "பரிதாபம் பார்க்க வந்தியா? போயிடு" என்றார். பார்வை போன மனிதர் சொன்னதை நான் மனதில் வைக்கவில்லை. ஆனால் நீ பக்கத்திலேயே நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தாய். சரி, போகட்டும்.

சத்தத்துக்கு வருகிறேன். இந்த மாதிரித் தட்டல், பொரிச்சல் எல்லாம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு மின்சாமானிலிருந்து வரும். தளர்ந்த சுவிட்ச், பழுதான டியூப்லைட், எதுவாகவும் இருக்கலாம். ரேடியோவில் பேட்டரி போட்டுக்கொள். சத்தம் வரும் நேரத்தில் வீட்டு மெயினை அணைத்துவிடு. சத்தம் நின்றால் கோளாறு உன் வீட்டில். பிறகு ஒவ்வோர் அறையாகத் தேடலாம்.

நின்றதா என்று எழுது. தபாலைச் சாமான் ஜீப்தான் மேலே கொண்டுவரும். அது வாரம் ஒரு தடவைதான். பதில் தாமதமானால் நான் பேசாமல் இருக்கிறேன் என்று அர்த்தமில்லை.

தம்பி

ஜூலை 22

தம்பிக்கு,

நிற்கவில்லை.

நீ சொன்னபடி பேட்டரி போட்டு, சத்தம் தொடங்கியதும் வாலுவை ஸ்டூலில் ஏற்றாமல் நானே ஏறி மெயினை அணைத்தேன். வீடு இருண்டது. ஃபேன் நின்றது. பாட்டும் அந்த நேரம் பார்த்து முடிந்தது. அந்த அமைதியில் டக், டக், டக். முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. வாலு என் சேலைக்குள் புகுந்துகொண்டாள். எனக்கு ஸ்டூலிலிருந்து இறங்கக் கால் வரவில்லை. அவர் மட்டும் இருந்த இடத்திலிருந்து, "இருட்டாயிடுச்சா? எனக்கு வித்தியாசம் தெரியலையே" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சத்தம் நம் வீட்டுச் சாமானிலிருந்து வரவில்லை என்றால் வேறு எதிலிருந்து வருகிறது? எதிர்வீட்டுத் தையல்காரம்மா, யாரோ வீட்டை நோட்டம் பார்க்க மிஷின் வைத்திருக்கிறார்கள், திருடர்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறாள். நாம் பேசுவதெல்லாம் அவர்களுக்குக் கேட்குமாம். அதிலிருந்து வீட்டில் கிசுகிசுப்பாகவே பேசுகிறோம். நேற்று உப்பு எங்கே என்பதைக்கூட வாலு என் காதில் வந்து கேட்டாள்.

மழை பெய்தால் பொரிச்சல் அதிகமாகிறது. அதையும் கவனித்தேன்.

தலையணை உறையைப் பற்றி எழுதியிருந்தாய். மாற்றாமல் என்ன செய்வேன்? நீ வருகிறாய் என்று நர்ஸ் வந்து சொன்னபோது அவர் குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தார். உறை முழுக்க நனைந்திருந்தது. மச்சான் பார்த்துவிடக்கூடாது, மாற்று மாற்று என்று என் கையைப் பிடித்து நெரித்தார். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நானும் அழுதிருப்பேன். உனக்கு முதுகைக் காட்டவில்லை. அவருடைய முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.

நீ போனதும் திரும்பி வருவாய் என்று வராந்தாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா

ஆகஸ்ட் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை மட்டும் பல தடவை படித்தேன். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. நேரில் வரும்போது பேசுகிறேன். இப்போது நான் செய்யக்கூடியது, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வழி சொல்வதுதான்.

முதலில் ஒன்று. ரேடியோ அலையை வாங்குமே தவிர, எதையும் வெளியே அனுப்பாது. நீங்கள் பேசுவதை அதன் வழியாக யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. உப்பைச் சத்தமாகவே கேட்கச் சொல்.

உன் ரேடியோவுக்குள் ஒரு கறுப்புக் கட்டை குறுக்காகப் படுத்திருக்கும். அலையைப் பிடிப்பது அதுதான். அது தன் பக்கவாட்டில் வருவதை நன்றாகப் பிடிக்கும். நுனிக்கு நேராக வருவதைப் பிடிக்காது. அதனால் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, தட்டல் மட்டும் கேட்கும்படி செய். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்று. ஒரு திசையில் சத்தம் சட்டென்று ஒடுங்கும். அப்போது ரேடியோவின் நீளவாட்டு நுனி எங்கே காட்டுகிறதோ அந்தக் கோட்டில்தான் சத்தம் வரும் இடம் இருக்கிறது. அதையே வேறோர் அறையிலும் செய். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நீ தேடும் இடம்.

கிட்டே போகப் போகச் சத்தம் கூடும். சாயங்காலம் சத்தம் வந்ததும், வெளிச்சம் போவதற்குள்ளேயே தொடங்கு, தனியாகப் போகாதே. கண்டுபிடித்தால் எதையும் பிடுங்காதே, எழுது.

இந்த மலையில் நாங்கள் நாலைந்து பேர். மழைக்காலத்தில் மேகம் கட்டிடத்துக்குள்ளேயே வந்துவிடும். பயம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். அத்தானுக்குச் சொல், அவர் காது சரியாகத்தான் இருக்கிறது, புத்தியும்.

தம்பி

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

இடத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

முன்னறையில் ரேடியோவைச் சுற்றினேன். நீ எழுதியதுபோலவே ஒரு பக்கம் திரும்பியதும் சத்தம் செத்தது. வாலு தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். சமையலறையிலும் அப்படியே. இரண்டு கோட்டையும் நீட்டிக்கொண்டே போனால், வெல்டிங்காரர் வீட்டுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் பின்பக்கச் சுவரில் போய் முட்டுகிறது. ரேடியோவோடு அங்கே போனேன். சுவரை நெருங்க நெருங்க டக், டக் என்பது காதில் அறைகிற மாதிரி ஆகிவிட்டது. வாலு காதைப் பொத்திக்கொண்டாள்.

சுவருக்கு மேல் அவர் பக்கத்திலிருந்து ஒரு கொடி அடர்த்தியாகப் படர்ந்திருக்கிறது. இலைக்குள் உற்றுப் பார்த்தேன். இரும்புக் கம்பிகளை வரிசையாக நட்டு, ஒவ்வொன்றிலும் உடைந்த பாட்டில் கழுத்தைச் செருகி, அதன் வழியாக மெல்லிசாக ஒரு கம்பி ஓடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு மேலே வெல்டிங்காரர் தலை எழுந்தது. எனக்கு உயிர் போய் வந்தது.

"என்ன பண்றீங்க அங்கே?"

"ரேடியோ சரியா எடுக்கலைங்க. எங்கே எடுக்குதுன்னு பார்க்கிறோம்."

"எடுக்கலைன்னா கடைக்குக் கொண்டுபோங்க. என் சுவத்துக்கிட்ட உங்களுக்கு என்ன வேலை?"

வாலு சும்மா இருப்பாளா? "மாமா, மேலே அது என்ன கம்பி?" என்றாள்.

அவர் கொடியைப் பார்த்தார். "கொடி படர்றதுக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளையை இந்தப் பக்கம் விடாதீங்க. சொல்லிட்டேன்" என்றார். சிரித்துப் பேசின மனிதர்தான் அவர். போன வருஷம் நம் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் பற்ற வைத்துக் கொடுத்தவர். இப்போது அந்தக் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கொடி படர யாராவது பாட்டில் கழுத்து வைப்பார்களா? அவர் அங்கே திருட்டுத்தனமாக ஏதோ ரேடியோ வைத்திருக்கிறார், அதனால்தான் நம்மை விரட்டுகிறார் என்று நினைக்கிறேன். திருடர்களோடு அவருக்கே தொடர்பு இருக்குமோ என்றுகூட நினைப்பு போகிறது. சொந்த அம்மாவைப் பூட்டிவைக்க யாராவது துணை போவார்களா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். சுவரடியில் ஒரு பூனை செத்துக் கிடந்தது. விஷம் வைத்துவிட்டாரோ என்னவோ. வாலு பார்ப்பதற்குள் எடுத்துப் புதைத்தேன். இனி இந்தச் சத்தத்தின் விஷயத்தைத் துருவப்போவதில்லை. சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதற்கு நடுவில் உன் அத்தானைப் பற்றி வேறு கவலை. அவருக்குக் கை மரத்துப்போகிறது. நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். குளியலறை பின்பக்கம், வீட்டைவிட்டுத் தள்ளி இருக்கிறது. அவர் யார் துணையும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று பின்கதவிலிருந்து குளியலறைவரை ஓர் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கிறேன். நடுவில் தொய்யாமலிருக்க அந்தச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டியிருக்கிறேன். கம்பிமேல் கையை ஓட்டிக்கொண்டே அவர் போய்விடுவார். விரிப்பு நிறைய வந்தால் நானும் அதில் காயப்போடுவேன். கொஞ்ச நாளாகச் சாயங்காலம் போய்வந்தால் விரலில் எறும்பு ஊருகிறது, முழங்கைவரை சுருக்கென்கிறது என்கிறார். சர்க்கரை இருப்பவர்களுக்கு நரம்பு அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். கண்ணுக்குப் பிறகு இப்போது கையா என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கா

ஆகஸ்ட் 20
தந்தி

பின்பக்கக் கம்பியைத் தொடாதே. மின்சாரம் பாய்கிறது. அத்தானைப் போகவிடாதே. பக்கத்து வீட்டில் நிறுத்தச் சொல். தம்பி.

ஆகஸ்ட் 20

அக்கா,

தந்தியை இப்போதுதான் கொடுத்தேன். இதை அதே தபால் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மலைப்பாதையில் மண் சரிந்து ஜீப் ஒரு வாரமாக வரவில்லை. உன் கடிதம் கீழேயே கிடந்திருக்கிறது. இன்று காலை கைக்கு வந்தது. வாலு போட்ட சாக்பீஸ் கோடுகளைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கத்தில் பாட்டில் கழுத்து. அதற்கு அடுத்து எறும்பு. அந்த வரியைப் படித்ததும் மலையிலிருந்து கீழே ஓடிவந்தேன்.

அக்கா, அது ரேடியோ இல்லை. வெல்டிங்காரர் திருடனுக்குப் பயந்து சுவர்மேல் மின்சார வேலி போட்டிருக்கிறார். பாட்டில் கழுத்து, மின்சாரம் இரும்பில் இறங்காமல் இருப்பதற்கு. விட்டுவிட்டுப் பாயும்படி ஏதோ செய்திருக்கிறார், அதுதான் டக், டக். சாயங்காலம் போட்டு விடிந்ததும் அணைக்கிறார். மழை பெய்தால் ஈரக் கொடி வழியாகக் கசிகிறது, அதுதான் பொரிச்சல். கசிந்தது உன் கொக்கிக்கு வந்து, கொக்கியிலிருந்து அத்தான் பிடித்து நடக்கும் கம்பிக்கு வந்திருக்கிறது. அவருக்கு நரம்பில் ஒன்றும் இல்லை. பூனைக்கு யாரும் விஷம் வைக்கவில்லை.

அவர் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகிறவராக இருக்க வேண்டும். அதனால்தான் இதுவரை எறும்போடு நின்றிருக்கிறது. நீ ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவள். சின்ன வயதிலிருந்து உனக்குச் செருப்பு என்றால் ஆகாது.

தந்தி எழுதிக்கொண்ட குமாஸ்தா வார்த்தைகளைப் படித்துவிட்டு, "சாவுச் செய்தியா சார்?" என்று கேட்டார். "இன்னும் இல்லை" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது.

நீ இதை எழுதிப் பதினோரு நாள் ஆகிவிட்டது. இத்தனை நாளில் எத்தனை தடவை அவர் அந்தக் கம்பியைப் பிடித்திருப்பார்? உன் ஊரில் மழை பெய்ததா? இந்தக் கடிதத்தை யார் பிரிப்பார்கள்? அதை யோசிக்க என்னால் முடியவில்லை. சுவர்வரை போ, கிட்டே போ என்று சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஒரு வரி போதும். எழுது.

தம்பி

ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதைப் படித்துக்கொள். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

தந்தி வந்தபோது நான் விரிப்புகளைக் கொடுக்க ஹோட்டலுக்குப் போயிருந்தேன். வாலு பள்ளிக்கூடத்தில். வாசலில் "தந்தி" என்ற குரல் கேட்டதும் உன் அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். "படிச்சுக் காட்டட்டுமா?" என்று தந்திக்காரர் கேட்டாராம். வேண்டாம் என்று கையில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நீ செத்துப்போய்விட்டாய் என்றுதான் நினைத்திருக்கிறார். பிறகு என்னிடம் சொன்னார், "நல்ல சேதிக்கு யார் தந்தி அடிக்கிறாங்க? மச்சானுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா அதை வழியில போறவன் வாயால கேட்க எனக்குத் தைரியம் இல்லை." அந்தப் பையைக் கையால் மூடிக்கொண்டே மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ரேடியோவில் பாட்டு வைக்க மனமில்லாமல், நிலையம் இல்லாத இடத்தில் ஓடவிட்டிருக்கிறார்.

வாலு வந்ததும் கதவைச் சாத்தி, "படிச்சதும் கத்தாதே. அப்பா காதுல மட்டும் சொல்லு" என்று தாளைக் கொடுத்திருக்கிறார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதே நேரம் வானம் கறுத்து, சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிக்கொண்டு வந்தது. ரேடியோவில் டக் என்று விழுந்தது. வெல்டிங்காரர் அன்றைக்குச் சீக்கிரமே போட்டுவிட்டார். பிறகு பொரிச்சல். மழை.

நான் அப்போது பக்கத்துச் சந்து வழியாக நேராகப் பின்பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தேன். கம்பி முழுக்க விரிப்புகள் கிடந்தன. நனைந்தால் மறுபடியும் துவைக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. செருப்பைச் சந்திலேயே கழற்றிவிட்டேன், சேற்றில் வழுக்குகிறதே என்று. முதல் விரிப்புக்குக் கையை நீட்டினேன்.

"நில்லு."

உள்ளேயிருந்து அவர் குரல், சந்தில் என் காலடி கேட்டிருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. லாரிக்குக் குறுக்கே குழந்தை ஓடி வந்தால் எழும் குரல் அது. நான் அப்படியே நின்றேன். கைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

"கையைக் கீழே போடு. எதையும் தொடாதே. அப்படியே பின்னாடி போ. வந்த வழியே போ."

"என்னங்க ஆச்சு?"

"கம்பியில கரண்ட் இருக்கு. போ."

பின்னால் நடந்தேன். மழை பெய்துகொண்டிருக்கிறது, காலுக்குக் கீழே தண்ணீர், அந்தத் தண்ணீரிலும் ஏதாவது இருக்குமோ என்று ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். வாசல் வழியாக உள்ளே வந்ததும் அவர் என் கையைத் தேடிப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

மூன்று பேரும் வெல்டிங்காரர் வீட்டுக்குப் போனோம். இரும்புக் கேட். தட்டப் பயம். அதிலும் கரண்ட் இருந்தால்? வாலு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து கட்டையால் அடித்தாள். அந்தச் சத்தத்தில் உள்ளே அந்த அம்மாள் அலறத் தொடங்கினார். வெல்டிங்காரர் கையில் ஓர் இரும்புத் தடியோடு வந்தார். திருடன் என்று நினைத்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் தடியை இறக்கினார்.

"உங்க வேலியை அணைங்க" என்றார் இவர்.

"எந்த வேலி?"

"எனக்குக் கண்ணுதான் இல்லை. நீங்க அதைப் போடுறதும் எடுக்கிறதும் எனக்குத் தினமும் கேட்குது. என் வீட்டுக் கம்பியில கரண்ட் வருது. முதல்ல அணைங்க, அப்புறம் பேசலாம்."

வெல்டிங்காரர் தடியைக் கீழே போட்டார். "வர வாய்ப்பே இல்லையே. பாட்டில் போட்டிருக்கேன்" என்று ஒரு குண்டு பல்பில் வயர் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் பின்வாசலுக்கு வந்தார். ஒரு வயரை மண்ணில் குத்திவிட்டு, மற்றதைக் குச்சியால் தள்ளி விரிப்பு தொங்கும் கம்பியில் தொட்டார். பல்பு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது. ரேடியோ உள்ளே அதே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

அவர் ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்து, எங்கள் படியில் மழையிலேயே உட்கார்ந்தார். "ஏறிக் குதிக்கிறவன் கையைச் சுட்டுட்டு ஓடட்டும்னுதான் போட்டேன். வெளியே சொன்னா எடுக்கச் சொல்லிடுவாங்கன்னு சொல்லலை. எங்கம்மா விடிய விடியக் கதவையே பார்த்துட்டிருக்காங்க. நான் என்ன பண்றது?" என்றார்.

"பிள்ளையை விடாதீங்கன்னு எனக்குச் சொன்னீங்களே. ஏன்னு சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டேன்.

மறுநாள் மின்சார ஆபீஸுக்குப் போய் நானே சொன்னேன். லைன்மேன் வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் அறுத்து எடுத்தாயிற்று. வெல்டிங்காரர்மேல் புகார் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் என்னை ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை.

எனக்குத்தான் இன்னும் தெளியவில்லை. ஈரத்துணியைத் தொட்டால் கை தானாகப் பின்னால் வருகிறது. வாலு கதவுத் தாழ்ப்பாளைக்கூடக் குச்சியால் தள்ளுகிறாள்.

உன்னுடைய ஆகஸ்ட் 20 கடிதம் இன்று காலை வந்தது. உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "மச்சானை வரச் சொல்லு" என்றார். சட்டைப்பையில் இன்னும் அந்தத் தந்தியை வைத்திருக்கிறார், சட்டையைத் துவைக்கக்கூடக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

"எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்" என்பதைப் படித்துவிட்டு, கடிதத்தை மடித்து வைத்து, வெளியே போய்க் கோபுரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். மீதியை அதற்குப் பிறகுதான் படிக்க முடிந்தது. நீ ஆபீஸில் போய்ச் சொன்னது சரி. வெல்டிங்காரரைப் பற்றி எழுதத் தொடங்கினால் நல்ல வார்த்தை வராது, விட்டுவிடுகிறேன்.

அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, நல்ல தடிமனான பருத்திக் கயிறு கட்டு. கொக்கியில் மாட்டாதே. நடுவில் ஒரு மரக்கட்டையை நட்டுக்கொள். அத்தான் உடனே பிடிக்கமாட்டார். வற்புறுத்தாதே. எங்கள் நிலையத்தில் ஒருவருக்கு ஒரு தடவை கருவியில் ஷாக் அடித்தது. அவர் பல நாள் தண்ணீர்க் குழாயைக்கூடத் துண்டைச் சுற்றித்தான் திறந்தார்.

லீவு கேட்டிருக்கிறேன். மாதக் கடைசியில் கிடைக்கும். வருகிறேன் என்று அத்தானிடம் சொல். வாலுவிடம் சொல்லாதே, தெருவுக்கே தண்டோரா போட்டுவிடுவாள்.

தம்பி

செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ வருவது வாலுவுக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை அவளைவிட்டுத்தான் அப்பாவுக்குப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி அப்படி இருக்கும் என்று நான் எங்கே கண்டேன்? தையல்காரம்மாவுக்கு அன்றைக்கே சேதி போய்விட்டது.

வேலி போனதிலிருந்து வெல்டிங்காரரின் அம்மா முன்னைவிட அதிகமாக அலறுகிறார். பொழுது சாயும் நேரத்தில் அவர் அம்மாவை அழைத்துக்கொண்டு நம் முன்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார். உன் அத்தான்தான் வரச் சொன்னது. "தனியா இருந்தா மறுபடி எதையாவது கட்டுவாரு. இங்கேயே இருக்கட்டும்" என்றார். அந்த அம்மாள் ரேடியோ கேட்டுக்கொண்டே தூங்கிப்போகிறார். நான் தண்ணீர் கொடுப்பேன், அதோடு சரி. வெல்டிங்காரர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும்போது வரட்டும்.

நீ சொன்ன மாதிரியே கயிறு கட்டினேன். நீ சொன்ன மாதிரியே அவர் தொடவில்லை. வாலு கையைப் பிடித்துக்கொண்டுதான் பின்பக்கம் போய்வந்தார். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் வரும்வரை தண்ணீர் குடிக்காமலே இருப்பதைப் பார்த்தேன். கேட்டால் தாகமில்லை என்பார்.

நேற்று நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது பின்கதவு திறந்தது. அவர் தனியாக வந்து படியில் நின்றார். ரேடியோவைத் தோளில் மாட்டியிருந்தார். நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். ஒன்றும் இல்லை. ரேடியோவைப் படியில் வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். கயிற்றுக்கு மேலே அந்தக் கை அப்படியே நின்றது. இறங்கவில்லை, திரும்பவும் இல்லை. நான் இருப்பது அவருக்குத் தெரியாது. பேசினால் கெட்டுவிடும் என்று ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அது கயிறு என்று எனக்குத் தெரியும், கட்டினவளே நான்தான். ஆனாலும் அவர் கை இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் கயிற்றைப் பிடித்திருந்தார். மெதுவாக நடந்தார். பாதி வழியில் நின்றார்.

"கயிறுதான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

"ஆமாங்க, கயிறுதான்" என்றேன்.

அவர் திரும்பினார். "எவ்வளவு நேரமா அங்கே நிக்கிறே?"

"இப்பதான் வந்தேன்."

"பொய் சொல்லாதே. நீயும் வந்து பிடி" என்றார்.

எனக்குக் கை வரவில்லை, தம்பி. சேலையில் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் கைக்குப் பக்கத்தில் என் கையையும் வைத்தேன். கயிறு வெயிலில் காய்ந்து சொரசொரவென்று இருந்தது. குளியலறைக்கும் போகாமல், வீட்டுக்குள்ளும் வராமல் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பள்ளிக்கூடம் விட்டு வந்த வாலு, கதவருகே புத்தகப்பையோடு நின்று, "பாத்ரூம் போறதுக்கு ரெண்டு பேரா?" என்று கேட்கும்வரை.

அக்கா